கொலம்பஸுக்கு முந்திய கால்கள்

கொலம்பஸ் இல்லையென்றால், அமெரிக்காவைக் கண்டுபிடித்தது யாராம்?

வீட்டில் ஆள் இருக்கும்போது கதவைத் தட்டியவரைக் 'கண்டுபிடித்தவர்' என்போமா? நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சாண்ட்ஸில், வற்றிப்போன ஏரிக்கரையில் மனிதக் காலடித் தடங்கள் இருக்கின்றன. வயது 21,000 முதல் 23,000 ஆண்டுகள். பெரும்பாலும் பிள்ளைகளும் பதின்வயதினரும் நடந்த தடங்கள்!

2021இல் நீர்ச்செடி விதைகளை வைத்து வயதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. நியாயமான சந்தேகம், நீர்ச்செடி தண்ணீரிலுள்ள பழைய கரியை உறிஞ்சி, வயதைக் கூட்டிக் காட்டக்கூடும். 2023இல் மகரந்தத்தையும் குவார்ட்ஸ் மணலையும் தனித்தனியே சோதித்தார்கள். ஏறக்குறைய அதே வயதுதான் வந்தது.

எங்கே தோண்டினாலும் கல் ஈட்டிமுனைதான். அந்த ஆதிமனிதர்கள் கல்லையா தின்றார்கள்?

உருளைக்கிழங்கு தின்றார்கள்! கல் அழுகாது, கிழங்கு அழுகும். அதனால்தான் இந்த ஈட்டிமுனைகளை விட்டுச்சென்ற, 13,000 ஆண்டுக்கு முந்தைய க்ளோவிஸ் மக்கள் நமக்கு வெறும் வேட்டைக்காரர்களாகத் தெரிகிறார்கள். ஆனால் சிலியின் மான்டே வெர்டேயில் அழுகக்கூடியவற்றையும் சேற்றுக்கரி மூடிக் காப்பாற்றிவிட்டது. சுமார் 14,500 ஆண்டுப் பழமை என்று தொல்லியலாளர் டாம் டில்லஹே கணித்த அந்தக் குடியிருப்பில் காட்டு உருளைக்கிழங்கு, முடிச்சுப் போட்ட கயிறு, கடற்பாசி எல்லாம் கிடைத்தன. கடற்பாசியை மருந்திலையோடு மென்று துப்பிய உருண்டைகள்கூட இருந்தன.