பார்வை: தங்களின் கோடி டாலர் கடிதம்

என்.ஜி.ஓ. காலனி என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு டெபுடி சார் இருந்தே தீருவார். சில ஊரில் அவர் சூப்பரிண்டெண்ட் சார், சில ஊரில் ஏ.இ.ஓ. சார். பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருக்கோடி டீக்கடைக்காரருக்கே வீடு தெரியாது; பதவியைச் சொன்னால் பள்ளிக்கூடப் பையன் கையைப் பிடித்து அழைத்துப் போவான். எங்கள் காலனிக்கு வாய்த்தவர் டெபுடி தாசில்தாராக ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது அரசாணையில்தான். காலை ஒன்பதே முக்காலுக்கு விபூதி, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் நீல மை ஒன்று சிவப்பு மை ஒன்றாக இரண்டு பேனா. பத்து மணிக்கு சீட்டில் இருப்பார். சீட் இப்போது ஹால் மூலையில், துணி உறை போர்த்திய கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கிறது. மகன் ஊருக்கு வந்தபோது வாங்கி மாட்டிவிட்டுப் போனது.

உறையை எடுத்து நாலாக மடித்து வைப்பார். மின்னஞ்சலைத் திறப்பார். "இன்னிக்குத் தபால் ஜாஸ்தி" என்று அடுக்களைப் பக்கம் பார்த்து அறிவிப்பார். குரலில் சலிப்பு இருக்கும், முகத்தில் பூரிப்பு இருக்கும். தபால் வராத அதிகாரியை யார் மதிக்கிறார்கள்?

நம்மில் பலருக்கு மின்னஞ்சலில் ஒரு கை, டெலிட் பட்டனில் ஒரு கை. டெபுடி சாருக்கு அது ஆவண அழிப்பு. வந்த தபால் பதிவாக வேண்டும், எண் விழ வேண்டும், பதில் போக வேண்டும். இதற்கென்று ஒரு நீள நோட்டில் கோடு போட்டுத் தன்பதிவேடு வைத்திருக்கிறார். அனுப்புநர், பொருள், வந்த நாள், எடுத்த நடவடிக்கை, முடிவு. லாட்டரியில் விழுந்த பத்து லட்சம் பவுண்டுக்கு ஒரு ந.க. எண். வழுக்கைத் தலையில் முடி வளர்க்கும் எண்ணெய்க்கு ஒன்று. தனிமையில் வாடும் ரஷ்யப் பெண்ணின் கடிதத்துக்கும் எண் உண்டு; அதன் எதிரே சிவப்பு மையில் 'இவ்வலுவலகத்திற்குத் தொடர்பில்லை' என்ற குறிப்பும் உண்டு. அந்தக் குறிப்பு வீட்டம்மா நோட்டைப் பார்த்த பிறகு எழுதப்பட்டது என்பது என் அனுமானம்.

ஒருநாள் ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டியை அவருக்குக் காட்டித் தொலைத்தான் பக்கத்து வீட்டுப் பையன். "இதுல விழுறதெல்லாம் முப்பது நாள்ல தானா அழிஞ்சிடும் சார், நீங்க எதுவும் பண்ண வேண்டாம்."

"யார் உத்தரவுல அழிக்கிறாங்க?"

பையன் விழித்தான். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது, எல்.டிஸ். என்றால் குறுகிய காலத்தில் கழிக்கக்கூடியது, அதற்கும் பட்டியல் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும் என்று டெபுடி சார் அவனுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். அன்றிலிருந்து ஸ்பேம் பெட்டிக்கு தினமும் திடீர்த் தணிக்கை நடக்கிறது. அங்கே அநியாயமாக அடைபட்டுக் கிடப்பவர்களை ஒவ்வொருவராக விடுவித்து இன்பாக்ஸுக்குக் கொண்டுவருகிறார். எது குப்பை, எது தபால் என்று அந்த இயந்திரம் நாம் செய்வதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. டெபுடி சாரிடம் அது என்ன கற்றிருக்கும் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஸ்பேம் துறையின் தொடக்கமே அவருக்குப் பிடித்த மாதிரிதான் அமைந்தது. 1978 மே மாதம் டிஜிட்டல் ஈக்விப்மென்ட் கார்ப்பரேஷனைச் சேர்ந்த கேரி துர்க் என்ற விற்பனைக்காரர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். முகவரிகள் அதற்கான இடத்தில் அடங்காமல் வழிந்து கடிதத்தின் உடலுக்குள்ளேயே புகுந்துவிட்டன. பலர் கொதித்துப்போனார்கள். நான் இதைச் சொன்னபோது டெபுடி சார் மட்டும் கொதிக்கவில்லை. "விஷயம் நாலு வரி, நகல் போறது மூணு பக்கம். கலெக்டர் ஆபீஸ் சர்க்குலர் பூரா அப்படித்தானே?" என்றார்.

பில் கேட்ஸ் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருக்கிறது. 2004 ஜனவரியில் டாவோசில் பேசிய கேட்ஸ், இரண்டு ஆண்டுகளில் ஸ்பேம் தொல்லை தீர்ந்துவிடும் என்றார். தாலுகா ஆபீசில் 'ரெண்டு நாள் கழிச்சு வாங்க' என்று சொல்லும் அதே ரெண்டுதான் அது என்று டெபுடி சாருக்கு உடனே விளங்கிவிட்டது.

இனி பாரிஸ்டர் விவகாரம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பாரிஸ்டர் எழுதியிருந்தார். எண்ணெய் வணிகர் ஒருவர் குடும்பத்தோடு விபத்தில் இறந்துவிட்டார். வங்கியில் 1.25 கோடி டாலர் அநாதையாகக் கிடக்கிறது. வாரிசாக நின்று வாங்கிக்கொண்டால் ஆளுக்குப் பாதி. கடிதம் தமிழிலேயே இருந்தது, 'என் மிகவும் அன்பான ஒன்றே' என்று தொடங்கி. இயந்திர மொழிபெயர்ப்பு வந்த பிறகு ஏமாற்றுக்காரர்களும் தாய்மொழிக் கொள்கைக்கு மாறிவிட்டார்கள்.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள், அல்லது மயங்கியிருப்பார்கள். டெபுடி சார் அன்று மதியமே பதில் போட்டார். தமிழில்தான், ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது என்பது அவர் வாதம். கடிதத்தின் நகலை எனக்குக் காட்டினார்:

"பொருள்: வாரிசுரிமை – மறைந்த எண்ணெய் வணிகரின் வங்கி இருப்பு – உரிமை கோருதல் – குறைகள் நிவர்த்தி செய்யக் கோருவது – தொடர்பாக. பார்வை: தங்களின் தேதியிடப்படாத கடிதம். பார்வையில் காணும் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. இறந்தவரின் அசல் இறப்புச் சான்று இணைக்கப்படவில்லை. சம்பந்தப்பட்ட வட்டாட்சியரிடமிருந்து வாரிசுச் சான்று பெறப்படவில்லை. மனுதாரர் வழக்கறிஞர் என்பதற்கான பதிவுச் சான்றின் நகல், சான்றொப்பத்துடன் வைக்கப்படவில்லை. மேற்படி குறைகளை நிவர்த்தி செய்து 15 தினங்களுக்குள் மீளச் சமர்ப்பிக்குமாறும், தவறும்பட்சத்தில் கோரிக்கை நிராகரிக்கப்படும் எனவும் தெரிவிக்கப்படுகிறது."

பாரிஸ்டர் மகிழ்ந்துபோனார். மீன் கடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். சான்றுகள் பிறகு வரும், முதலில் கோப்பை நகர்த்த 850 டாலர் கட்டணம் அனுப்புங்கள் என்று எழுதினார். எந்த அரசாணையின்படி இக்கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது, அரசாணையின் நகல் தேவை என்று பதில் போனது. பாரிஸ்டர் கட்டணத்தை 400 ஆகக் குறைத்தார். கட்டண விகிதத்தைத் தன்னிச்சையாக மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டா என்று விளக்கம் கேட்டு அடுத்த கடிதம். வெறுத்துப்போய் ஒரு இறப்புச் சான்றைத் தயார்செய்து ஸ்கேன் போட்டு அனுப்பினார் மனுஷன். டெபுடி சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்த்தார். சான்று வழங்கிய நாள் மார்ச் 11. இறந்த நாள் மார்ச் 12. சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிவிட்டார்.

இந்த வியாபாரத்துக்கு நைஜீரியாவிலேயே ஒரு செல்லப்பெயர் உண்டு. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் மோசடிக்கான பிரிவின் எண்ணை வைத்து 419 என்பார்கள். இதைக் கேட்டதும் டெபுடி சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் பழைய தண்டனைச் சட்டத்திலும் 419 ஆள்மாறாட்ட மோசடிக்கு உரியதுதான். பக்கத்துப் பிரிவான 420 பெற்ற புகழ் அதற்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான். 2024 ஜூலையில் இரண்டுமே எண் மாறி 319, 318 ஆகிவிட்டன. சினிமாவில் திட்டுகிறவர்கள் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை.

பாரிஸ்டர்கள் ஏன் இவ்வளவு அப்பட்டமான புளுகை எழுதுகிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் கார்மக் ஹெர்லி 2012-இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அவர் கணக்கு இது. கடிதம் அனுப்ப ஏறத்தாழச் செலவே இல்லை. ஆனால் பதில் போட்டவரோடு உட்கார்ந்து மன்றாடி, கெஞ்சி, பணம் கட்ட வைப்பதற்குள் ஆள் தேய்ந்துவிடுவான். ஆகவே முதல் கடிதத்திலேயே சந்தேகக்காரர்கள் சிரித்துவிட்டு விலகிவிட வேண்டும். அதையும் நம்புகிறவர் மட்டும் மிஞ்ச வேண்டும். புளுகுதான் சல்லடை. இந்தச் சல்லடையில் பிடிபடாத ஒரு ரகம் இருக்கிறது. ஒரு சொல்லையும் நம்பாமல், ஒரு காசும் கொடுக்காமல், ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் மட்டும் போட்டுக்கொண்டே இருக்கும் ரகம். லேகோஸில் உட்கார்ந்து இதை யோசித்தவன் எவனும் நம் வருவாய்த் துறையைக் கணக்கில் எடுத்திருக்கமாட்டான்.

கடைசியில் பாரிஸ்டர் இரண்டே வரி எழுதினார்: தயவுசெய்து எனக்கு இனி எழுத வேண்டாம், கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார். டெபுடி சார் நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு அனுப்பினார். மூன்றாவது, முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. 'மனுதாரர் அக்கறை காட்டாததால் முடிக்கப்படுகிறது' என்று எழுதிக் கோப்பைக் கட்டி அலமாரியில் ஏற்றினார்.

இப்படிப்பட்ட சிங்கத்தையும் சாய்க்க ஒன்று இருந்தது. பாப்-அப். அனுப்புநர் இல்லை, தேதி இல்லை, பதில் போட இடமில்லை. மொட்டைப் பெட்டிஷன்! அதன்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் அது திரையை விட்டு நகர மறுத்தது.

எல்லாம் அவரே கூப்பிட்டு உட்கார வைத்ததுதான். அகவிலைப்படிச் செய்தி பார்க்க ஒரு தளத்துக்குப் போவார், ராசிபலனுக்கு ஒன்று. போன இடத்திலெல்லாம் ஒரு சின்னப் பெட்டி எழுந்து, அறிவிப்புகளைக் காட்ட அனுமதி கோரும். கீழே இரண்டு பட்டன்: அனுமதி, தடு. பணிக்காலம் முழுக்க 'அனுமதி வழங்கலாம்' என்று வரைவு எழுதி மேலே அனுப்பி, வேறொருவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போது அனுமதி வேண்டி அவரிடமே வருகிறார்கள். மறுக்க மனசு வருமா? ஒவ்வொன்றுக்கும் அனுமதி வழங்கினார். வலது கீழ் மூலையிலிருந்து ரம்மி, ஐந்து நிமிடக் கடன், மூட்டுவலித் தைலம், உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ் என்று முளைக்கத் தொடங்கின. மூடினால் இன்னொன்று. சிலவற்றில் மூடும் பெருக்கல் குறியே வெறும் படம். அதைத் தொட்டால் கடன்காரன் வீட்டுக்கே போய்விடலாம்.

ஒரு பிற்பகல் திரை முழுக்கச் சிவந்து, சைரன் ஊளையிட்டது. கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, உடனே இந்த எண்ணை அழைக்கவும். "ஏங்க, அதை அணைச்சுத் தொலைங்க" என்றார் வீட்டம்மா. டெபுடி சார் அழைத்தார். மறுமுனையில் ஒருவன் இனிக்க இனிக்கப் பேசி, தூரத்திலிருந்தே சரிசெய்ய ஒரு மென்பொருளை இறக்கச் சொன்னான்.

"தம்பி, உங்க பேரு, பதவி, எந்த செக்‌ஷன்?"

சொன்னான்.

"உங்களுக்கு மேலதிகாரி யாரு? இதை எழுத்து மூலமா அனுப்பச் சொல்லுங்க. வாய்மொழி உத்தரவுல நான் எதையும் செய்யறதில்லை."

லைன் அறுந்தது. அதற்குள் வீட்டம்மா சுவரில் சுவிட்சை அணைத்திருந்தார். சைரன் நின்றது. நியாயமாகப் பார்த்தால் அவர் செய்ததுதான் சரி. அந்தப் பக்கம் முழுத்திரைக்கு விரிந்த வெறும் வலைப்பக்கம், பிரவுசரை மூடினாலே செத்துப்போகும்.

பாப்-அப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று அன்று மாலை கேட்டார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டிரைபாட் என்ற நிறுவனத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்த ஈதன் ஸக்கர்மன். ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஏடாகூடமான பக்கம் ஒன்றில் இடம்பெற்று வம்பானது. பக்கத்தோடு ஒட்டாமல் விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறந்துவிட்டால் பழி வராதே என்று அவர் வழி செய்தார். 2014-இல் அதற்கு வெளிப்படையாக வருத்தமும் தெரிவித்தார்.

"விளக்கம் கொடுத்துட்டாரா?" டெபுடி சார் யோசித்தார். "அப்போ ஒழுங்கு நடவடிக்கை விதி 17 ஏ-ல ஒரு கண்டனத்தோட முடிச்சுக்கலாம். இன்கிரிமெண்ட்ல கை வைக்க வேண்டாம்."

பக்கத்து வீட்டுப் பையன் வந்து குரோம் அமைப்புகளில் அறிவிப்புகள் என்ற இடத்தைத் திறந்து காட்டினான். அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாக நின்றன. "எல்லாத்தையும் நீக்கிடலாம் சார், ஒரு நிமிஷ வேலை." டெபுடி சார் அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். வழங்கிய அனுமதியை ரத்து செய்யுமுன் எதிர்த்தரப்புக்குத் தன் நிலையை விளக்க வாய்ப்புத் தர வேண்டும். இல்லையென்றால் ஸ்டே வாங்கிவிடுவார்கள். ரம்மி தளத்துக்கு யார் பெயரில் நோட்டீஸ் சார்வு செய்வது என்று இருவரும் விவாதித்துக்கொண்டிருந்தபோது வீட்டம்மா மவுஸை வாங்கி, ஒவ்வொன்றாக நீக்கிவிட்டுக் காபி கலக்கப் போனார்.

போன மாதம் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் டெபுடி சார் இணைய மோசடி பற்றி உரையாற்றினார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பணம் போகாமலிருக்கத் தான் தயாரித்த மாதிரிக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். கைதட்டல் விழுந்தது. கருவூலத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும் கைதட்டாமல் தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். பாரிஸ்டருக்கு வர வேண்டிய 850 டாலர் எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைக்கப்படும் என்று படிவத்தில் இல்லையே என்றார். அது இல்லாமல் ஏற்றுக்கொள்ள முடியாதென்று சொல்லி, ஓரத்தில் ஆட்சேபம் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். படிவம் இப்போது திருத்தத்தில் இருக்கிறது.