சூப் பாய்: ஓர் இலக்கணம்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகப் பரமத்தி வேலூர் வரை நீளும் சமவெளியில், லாரி, முட்டை, போர்வெல் வண்டி ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக எக்காலத்தும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் சரக்கு காதல் தோல்விப் பாட்டு ஆகும். அதை விடாது கேட்டு வருபவர் 'சூப் பாய்' எனப்படுவார். கைவிடப்பட்ட ஆடவரைச் சுட்டும் இப்பெயர், 2011 நவம்பரில் '3' திரைப்படத்தின் பாடலொன்று வெளிவந்து உலகைச் சுற்றியபோது ஊர்தோறும் நிலைபெற்றது. பெயருக்கு முன்பே ஆள் இருந்தார் என்பதற்கு, 1953இல் 'தேவதாஸ்' வந்த பின்னர், காரணமின்றித் தாடி வளர்த்தவரையெல்லாம் அப்படத்தின் பெயரால் அழைத்த வழக்கமே சான்று.

இவரது துயரம் எத்திணைக்கு உரியது என்பது ஆராயத்தக்கது. பிரிவைப் பாலைத் திணைக்கு உரியதாக வைப்பது தமிழ் மரபு. ஆனால் பிரிவதற்கு முன் கூடியிருக்க வேண்டும் என்னும் எளிய நிபந்தனையை இவ்வகையினருள் பெரும்பாலோர் நிறைவு செய்வதில்லை. டவுன் பஸ்ஸின் முன்படியில் ஏறும் பெண்ணைப் பின்படியில் தொங்கியவாறு இரண்டாண்டு பார்த்ததும், அவள் ஒருநாள் மீதிச் சில்லறைக்காகக் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்ததைத் தம்மைப் பார்த்ததாகக் கொண்டதுமே அவ்வுறவின் முழு வரலாறு என்னும்போது, இதனை ஒருதலைக் காமமாகிய கைக்கிளையில் அடக்குவதே முறை. சங்கத் தலைவன் காதல் கைகூடாதபோது பனைமடலால் குதிரை செய்து, எருக்கங்கண்ணி சூடி, ஊரார் காண வருவான். இது மடலேறுதல் எனப்படும். மடலின் கருக்கு உடலைக் கிழிக்கும் என்பதாலோ என்னவோ, பாடல்களில் தலைவர்கள் பெரும்பாலும் ஏறப்போவதாக மிரட்டுவதோடு நின்றுகொண்டார்கள். இன்றைய தலைவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாட்டின் ஒரு துண்டை ஏற்றுகிறார். இதில் கருக்கு இல்லை, 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடுகிறது, யார் யார் பார்த்தார்கள் என்னும் பட்டியலும் உடன் கிடைக்கிறது என்பதால், இதனை மடலின் திருந்திய வடிவம் எனலாம்.

பிரிந்த தலைவிக்கு உடல் மெலிந்து வளை கழன்றதாகப் புலவர்கள் பாடியுள்ளனர். சூப் பாய்க்கும் இடுப்புப் பெல்ட்டில் துளை மாறுவதுண்டு. மாறும் திசைதான் வேறு. தட்டுவடைகளுக்கிடையே சட்னியும் துருவிய காய்கறியும் வைத்துத் தரும் சேலத்துத் தட்டுவடை செட்டை, மிக உருக்கமான சரணம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் முறையாக வாங்குவதற்கு அவருக்குத் துயரம் ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

இவ்வகையின் முழு வளர்ச்சியைக் காண விரும்புவோர் லாரிக் கேபினுக்குள் ஏற வேண்டும். சேஸிஸாக மட்டும் வரும் வண்டிக்குப் பாடி கட்டித் தருவதில் பெயர்பெற்ற நாமக்கல் பட்டறைகளில், ஓட்டுநர் பக்கத்திலேயே நின்று கண்காணிக்கும் வேலை ஒன்று உண்டென்றால் அது ஸ்பீக்கர் பொருத்துவதே. கேசட் காலத்தில் அவர் ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு அரைமணி வீதம் பதிந்து வாங்கினார். சோகத்துக்கு அப்போது ஓர் அளவு இருந்தது, பக்கம் திருப்பும் இடைவெளியில் மனம் மாறுவதற்கு வாய்ப்பும் இருந்தது. பென்டிரைவ் அந்த வாய்ப்பை ஒழித்தது. சேலத்தில் தொடங்கும் அழுகை, ஒரு பாட்டும் இரண்டாம் முறை வராமல் நாக்பூர் வரை செல்லக்கூடும்; எனினும் அவர் பொத்தானை அழுத்தி அழுத்திக் கேட்பது பழைய ஏழெட்டையே. "ஏனுங்ண்ணா, வேற பாட்டே இல்லீங்களா?" என்று கிளீனர் கேட்டால், "உனக்கு என்றா தெரியும், கம்முனு வா" என்பதே விடை.

சேலத்துக்கென்று ஒரு திரைப்பட மரபு உண்டு என்பதையும் இவ்விடத்தில் மறத்தலாகாது. டி. ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்பதை 1956இல் தந்தது. பின்னர்த் துப்பறியும் படங்களால் பெயர்பெற்றது. உள்ளூர்ப் படப்பிடிப்புத் தளம் திருடரையும் அவரைப் பிடிப்பவரையும் உருவாக்குவதில் முனைந்திருந்தமையால், தாடிக்கார நாயகனைச் சென்னையிலிருந்து தருவிக்க நேர்ந்தது போலும்.

பதின்பருவம் தொடங்கி இருபதுகள் வரையிலான நினைவுகளே பிற்காலத்தில் மிகுதியாக மேலெழுகின்றன என்பது உளவியலார் கண்ட உண்மை. அக்காலத்துப் பாட்டுக்கும் இது பொருந்தும். சூப் பாய் விடமுடியாமல் பற்றிக்கொண்டிருப்பது, தலை நிறைய முடியோடும் சட்டைப்பையில் சீப்போடும் பின்படியில் தொங்கிய அந்தப் பையனையே. அந்தப் பெண் இன்று திரும்பி வந்து நின்றால், அவர் முதலில் அடையாளம் காணமாட்டார். கண்டபின், இத்தனை ஆண்டு சேர்த்த பாட்டுக்கு இனி என்ன வேலை என்று உண்மையாகவே கலங்குவார். அவர் மனைவிக்கு இவையனைத்தும் தெரியும். பொறாமைப்படுவதற்கு அதில் ஏதுமில்லை என்று நெடுநாள் முன்பே கண்டுகொண்ட அவர், வண்டி ஏறும்போது, "தூக்கம் வந்துச்சுன்னா அந்தப் பாட்டையே போட்டுக்குங்க" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாய், விபத்துகளுக்குப் பெயர்போன சரிவு. வாழ்வே வேண்டாம் என்று பாடகர் உருகிக்கொண்டிருக்கும் அந்த இடத்தில்தான் சூப் பாய் பாட்டை அணைத்து, கியரைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, இம்மியும் பிசகாமல் வண்டியை இறக்குகிறார். சமதளம் வந்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஆகவே இவ்வகையினரின் உயிருக்கு ஆபத்து ஏதுமில்லை. ஆபத்தெல்லாம் காதுக்குத்தான், அதுவும் கிளீனரின் காதுக்கு.