எஃபெக்டை எடுத்துட்டுக் குடுங்கண்ணா

"அண்ணா, அந்த எஃபெக்ட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு ப்ளைனா குடுங்க. இங்க நான் பாத்துக்கறேன்."

போன முகூர்த்தத்தில், ஒரு கல்யாண ரிசப்ஷனில், மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி சொன்னது இது. சொன்னதோடு நிற்கவில்லை. இடது கையில் போனைப் பார்த்துக்கொண்டே வலது கையால் என் சேனலின் மிட்டை இடப்பக்கம் கடைசி வரை திருகினார். மிக்ஸரில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பில் 'கீ 1', 'கீ 2', 'பேட்', 'மேல்', 'ஃபீமேல்' என்று மார்க்கரால் வரிசையாக எழுதியிருந்தது. என் சேனலுக்கு நேராக 'எக்ஸ்ட்ரா'. லட்ச ரூபாய்க்கு மேல் போட்டு வாங்கிய கிட்டார் மாடலர் என் காலடியில் பச்சையும் ஊதாவுமாக மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்த ஆம்ப், கேபினட், மைக், ஸ்டூடியோ ரூம் எல்லாம் சேர்ந்து ஒரு எக்ஸ்ட்ரா.

அந்தக் கடுப்பு இன்னும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் ஒரு உபகாரம் செய்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மேடைக்கு எந்த மாடலர் வாங்குவது, அதற்கு எந்த ஸ்பீக்கர் வைப்பது என்று இந்தக் கட்டுரையில் தெளிவாகச் சொல்லிவிடப் போகிறேன். உங்களுக்குத் தேவையில்லை என்று நடிக்க வேண்டாம். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் ஒரே பிட்டை இரண்டு பெட்டிகளில் வாசித்து "ஏ-யா, பி-யா?" என்று கேட்க, பி-தான் தேன் என்று முடிவு கட்டி, கடைசியில் அது தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பெட்டிதான் என்று தெரிந்ததும் மனசு உடைந்து படுக்கப் போனவர்தானே நீங்கள்?

முதலில் எடை. 1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப் 28 கிலோ. அதன் க்ளீன் சவுண்டைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. தூக்கியவர்கள் மட்டும் சொன்னார்கள். அதிலிருந்து தப்பத்தான் மாடலர். ஹீலிக்ஸ் ஆறரை கிலோ சொச்சம். குவாட் கார்டெக்ஸ் இரண்டு கிலோவுக்குள். முதுகுப்பையில் போட்டு பஸ்ஸில்கூடப் போகலாம். இந்த இடத்தில் விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

கடைக்காரர்கள் இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள். பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் 1982-லேயே ராக்மேன் என்று கையடக்கப் பெட்டி ஒன்றைப் போட்டுவிட்டார். 1989-ல் சான்ஸ்ஆம்ப். 1996-ல் லைன் 6 டிஜிட்டல் மாடலிங் ஆம்ப், 1998-ல் அதே கம்பெனியின் சிவப்பு நிற பாட். 2011-ல் ஜெர்மனியிலிருந்து கெம்பர் வந்து, உங்கள் சொந்த ஆம்பையே ஜாடை பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்றது. 2015-ல் ஹீலிக்ஸ். 2023-ல் ஃபெண்டரே டோன் மாஸ்டர் ப்ரோ என்று இறங்கிவிட்டது. அசலைச் செய்கிறவரே நகலும் விற்க வந்த பிறகு நாம் யாரிடம் போய் முறையிடுவது?

உள்ளே இருக்கும் ஆம்புகளெல்லாம் பினாமி பெயரில் இருக்கின்றன. வாக்ஸ் ஏசி30-ஐ அந்தப் பெயரில் போட்டால் வழக்கு வரும். ஆகவே ஹீலிக்ஸில் அவர் எஸெக்ஸ் ஏ30. ஜேசி-120 அங்கே ஜாஸ் ரிவெட் 120. மார்ஷல் எல்லாம் பிரிட் என்று ஆரம்பிக்கும். யார் யாருடைய பினாமி என்று ஒரு பட்டியலை பிரின்ட் எடுத்து கிட்டார் கேஸில் வைத்திருக்காத ஆளை நான் பார்த்ததில்லை. வருமான வரி அதிகாரிகள் வந்தால் நம் எல்லோரையும் ஒரே நாளில் வளைத்துவிடலாம்.

சரி, ஸ்பீக்கருக்கு வருவோம். அதற்கு முன் கேபினட் ஐஆர் பற்றி இரண்டு வரி. சுருக்கமாகத்தான்.

ஐஆர் என்றால் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்து ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்து அதை என்ன பாடு படுத்துகின்றன என்று பிடித்துக்கொள்வது. கையில் வருவது ஒரு துக்கடா ஃபைல். ஹீலிக்ஸ் அதில் 2,048 சாம்பிள் வரை எடுத்துக்கொள்ளும். 48 கிலோஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 43 மில்லி விநாடி. கண் சிமிட்ட இதைவிட அதிக நேரம் ஆகும்.

இந்த 43 மில்லி விநாடியைத் தேர்ந்தெடுக்கத்தான் நம் ராத்திரிகள் போகின்றன. ஸ்பீக்கர் செலஸ்டியன் வின்டேஜ் 30. மைக் ஷூர் எஸ்எம்57, 1965-லிருந்து எல்லோரும் வைக்கிற அதே மைக். எடுத்துப் போட்டு வாசித்துவிட்டுப் படுக்கலாம் என்றால் விடமாட்டார்கள். கோனின் நடு மூடிக்கு நேராக வைத்தது ஒரு ஃபைல். மூடியின் ஓரத்தில் ஒன்று. ஓரத்திலிருந்து அரை இஞ்ச் தள்ளி ஒன்று. ஒரு இஞ்ச் தள்ளி ஒன்று. துணியை ஒட்டி, துணியிலிருந்து ஒரு இஞ்ச் விலக்கி, இரண்டு இஞ்ச் விலக்கி, கொஞ்சம் சாய்த்து. அப்புறம் இதே வரிசை முழுக்க ராயர் 121 ரிப்பன் மைக்கில். அப்புறம் 57-ம் 121-ம் கலந்தது: எழுபதுக்கு முப்பது, அறுபதுக்கு நாற்பது, சமபங்கு. அப்புறம் இவை எல்லாமே வேறொரு ப்ரீஆம்ப் வழியாக. அதோடு போச்சா? பெட்டியில் நான்கு ஸ்பீக்கர் இருக்கின்றன. மேலே இடது, மேலே வலது, கீழே இடது, கீழே வலது. "கீழ் வலதைக் கேளுங்க, அப்புறம் வேற எதுக்கும் திரும்ப மாட்டீங்க" என்றார் ஒரு சக கிட்டாரிஸ்ட். கேட்டேன். அன்றைக்கே மேல் இடதுக்குத் திரும்பினேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு அரை இஞ்சுக்கும் ஒரு இஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் சத்தியமாகக் கேட்கும். தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி, "இன்னும் அதே பிட்டா?" என்று கேட்டால், "இல்லம்மா, இது ஒரு இஞ்ச்" என்று பதில் சொல்வோம். அவர் லைட்டை அணைத்துவிட்டுப் போவார். நாம் இருட்டில் ஒன்றரை இஞ்சைத் திறப்போம். ஒன்றரையில் ஒரு மெருகு இருக்கும், ஆனால் அடி வலு போயிருக்கும். அடி வலுவுக்காக ரிப்பன் மைக்கைக் கொஞ்சம் சேர்த்தால் மெருகு போய்விடும். விடியும்போது, முதலில் கேட்ட ஃபைல் எது என்று தேடிக்கொண்டிருப்போம்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஸ்பீக்கர்தான். 43 மில்லி விநாடியில் சத்தம் காற்றில் 15 மீட்டர்கூடப் போகாது. பந்தி நடக்கும் ஹால் மேடையிலிருந்து அதைவிடத் தூரம். ஆக, என் வின்டேஜ் 30, என் 57, என் ஒன்றரை இஞ்ச் எல்லாம் தொடங்கி முடிந்த பிறகும், பாயசம் சாப்பிடுகிறவர் காதுக்கு அதில் ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. சேர்ந்தாலும் அவர் கேட்பது அப்பளம்.

இப்போது ஸ்பீக்கர். மாடலருக்குப் பொருத்தம் எஃப்ஆர்எஃப்ஆர் என்கிறார்கள். கொடுத்ததை அப்படியே வெளியே விடும், தன் பங்குக்கு எதையும் கூட்டாது, குறைக்காது. விருந்தில் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை குறை சொல்லாமல் எழுந்து போகும் சம்பந்தி மாதிரி. அப்படி ஒரு சம்பந்தியை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

கிட்டார் ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கடையை மூடிவிடும். நம் காதுக்குப் பழகியது அந்த மூடல்தான். எஃப்ஆர்எஃப்ஆர் பெட்டியில் ட்வீட்டர் இருக்கிறது, அது 20,000 வரை ஏறும். அந்த உயரத்தில் டிஸ்டார்ஷன் போட்டால் சத்தம் பல்லில் கூசும். ஆகவே மாடலரில் ஏழாயிரம் வாக்கில் ஹை கட் போடுகிறோம். ட்வீட்டருக்கும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கி, அதற்கு வேலை இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறோம். வாட் கணக்கு அடுத்த கூத்து. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 85 வாட்; அதை ஐந்தில் வைத்தால் அடுத்த தெரு எழுந்துவிடும். ஹெட்ரஷ் 112 பெட்டியில் 2,000 வாட் என்று போட்டிருக்கும், அது பீக் கணக்கு. எத்தனை ஆயிரம் போட்டாலும் பேட் வாசிப்பவர் ஒரு தட்டு தட்டினால் அதன் கீழேதான். பெட்டி 16 கிலோ. ஸ்டாண்டு, கேபிள், மாடலர் பை எல்லாம் சேர்த்துப் பாருங்கள், ஜேசி-120 பக்கத்தில் வந்துவிட்டோம்.

மேடையில் அதை எங்கே வைப்பது? எனக்குப் பின்னால் வைத்தேன். போட்டோவில் கறுப்பாக விழுகிறது என்று டெக்கரேஷன் ஆட்கள் வந்து வெள்ளை சாட்டின் துணியைச் சுற்றி, ரோஸ் ரிப்பனில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ட்வீட்டர் மேல் இரண்டு மடிப்புத் துணி. அன்றைக்கு வந்த டோன் எந்த ஐஆரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இதை நான் கிட்டாரிஸ்ட் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாட்டின் விலை ஏறிவிடும்.

வீட்டில் தேனாக இருந்த டோன் மேடையில் ஏன் கொட்டுகிறது என்பதற்கு 1933-லேயே பதில் சொல்லியாகிவிட்டது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்ஸனும் காதைச் சோதித்தார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸும் ட்ரெபிளும் காதுக்குச் சரியாக எட்டாது. நாம் ராத்திரியில் பக்கத்து ரூமுக்குப் பயந்து சன்னமாக வைத்துக்கொண்டு இரண்டையும் ஏற்றி வைக்கிறோம். மண்டபத்தில் வால்யூம் ஏறியதும் பேஸ் முழங்குகிறது, ட்ரெபிள் ஊசி ஏற்றுகிறது. மிச்சம் இருந்த மிட்டைத்தான் அந்தத் தம்பி எடுத்துவிட்டார். கிட்டார் குடியிருப்பதே மிட்டில். அதை எடுத்துவிட்டால் தோளில் தொங்குவது பெல்ட் மட்டும்.

கரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டும். கீபோர்டு மாஸ்டர் பேட்டரி பேக்கப் வைத்திருக்கிறார். பாடகருக்கு மைக் உடனே வந்துவிடும். மாடலர் மட்டும் கம்பெனி லோகோவைக் காட்டி, கோடு ஒன்றை இடமிருந்து வலமாக நகர்த்தி, நிதானமாகக் கண் விழிக்கும். சரணம் போய்க்கொண்டிருக்கும். நான் கம்பிகளில் விரலை ஓட்டிக்கொண்டு சிரித்த முகமாக நிற்பேன். நான் மேடையிலிருந்து இறங்கும்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, நெஜமா வாசிக்கிறீங்களா, சும்மா நிக்கிறீங்களா?" ஆம்ப் என்று ஒன்று பின்னால் தெரிந்தால் இந்தக் கேள்வி வராது. அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இப்போது பாதிப் பாட்டுக்கு மைனஸ் ஒன் ட்ராக் ஓடுகிறது. அதற்குள் ஏற்கெனவே கிட்டார் இருக்கிறது. அசல் பாட்டில் வாசித்தவருடையது அல்ல, எவரோ புரோக்ராம் செய்தது. அதற்கு மேல்தான் நான் எக்ஸ்ட்ரா.

ஹால் மொத்தமும் கிட்டார் பக்கம் திரும்புவது ஒரே பாட்டுக்கு. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'. ஆரம்ப பிட்டுக்கே நான்கு போன்கள் உயரும். அதற்கு நான் வைத்திருக்கும் பேட்சில் ஆம்ப் கிடையாது, கேபினட் கிடையாது, ஐஆர் கிடையாது. கொஞ்சம் கம்ப்ரெஸர், கொஞ்சம் ரிவெர்ப், அவ்வளவுதான். பழைய ஜூம் 505-லேயே அதைச் செய்திருக்கலாம், செய்தும் இருக்கிறேன். அந்தக் காலத்தில் ப்ரோக்ராம் முடிந்து கவரில் வைத்துக் கொடுத்த தொகையும் இப்போது கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. பெட்டி விலை மட்டும் இத்தனை மடங்கு ஏறியிருக்கிறது. இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எட்டு இஞ்சா, பன்னிரண்டா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்கிறேன். மண்டபத்தில் லிஃப்ட் யாருக்கு என்று முதலில் விசாரியுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், அப்புறம் சமையல் பாத்திரம், அப்புறம் ஐஸ்கிரீம் கவுண்டர், அப்புறம் மேளக்காரர்கள், அதற்குப் பிறகுதான் நம் முறை. ஹால் மூன்றாவது மாடியில் என்றால் எட்டு இஞ்சே போதும். தரைத்தளம் என்றால் உங்கள் இஷ்டம். எந்த மாடலர் என்பதைப் படி ஏறிக்கொண்டே பேசிக்கொள்ளலாம், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடியுங்கள்.