அசையாமல் தின்ற யானை

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். யானையே வீட்டுக்குள் வந்து அசையாமல் உட்கார்ந்து தின்றால் என்ன ஆகும் என்று சொல்லாமல் போய்விட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நான் பிறந்திருக்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து வந்து பாரிசின் வடக்குப் புறநகரில் நாலாம் மாடியில் குடியிருக்கிறோம். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பேட்டைச் சனங்கள் பரணில் கிடக்கும் சாமான்களைத் தெருவில் பரப்பி விற்பார்கள். சமையலறைக்கு ஒரு மடக்கு நாற்காலி வாங்கி வரச் சொல்லி மனைவி அனுப்பினாள். நான் யானை வாங்கினேன்.

வெண்கல யானை. முதுகில் ஒரு கடிகாரம். அதைச் சுற்றித் தங்க முலாம் பூசிய இலையும் கொடியும் சுருளும். உச்சியில் குடை பிடித்த ஒரு பொடியன். யானையின் காலடியில் ஒரு பெட்டி, அதற்குள் சங்கீதம். மணிக்கு மணி பாடுமாம். விற்றவர் என் காதருகே குனிந்து, "பதினைந்தாம் லூயி காலம், முசியே" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் எனக்கு விஷயம் தெரியும். 1749-ல் கிளாரா என்ற இந்தியக் காண்டாமிருகத்தைப் பாரிசுக்குக் கொண்டுவந்து காட்டியபோது ஊரே பித்துப்பிடித்துப் போனது தெரியும். அந்த நாளில் சேன்-ழெர்மேன் என்ற வெண்கல வார்ப்பாளர் யானை மேலும் காண்டாமிருகத்தின் மேலும் கடிகாரத்தை ஏற்றியே பேர் வாங்கியதும் தெரியும். பாருங்கள், அரைகுறையாகத் தெரிந்தவனைத்தான் ஏமாற்ற முடியும். ஒன்றும் தெரியாதவன் நாற்காலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

லிஃப்ட் அன்றைக்கென்று படுத்துவிட்டது. 18 கிலோ யானையைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு மாடி ஏறினேன். மனைவி கதவைத் திறந்தாள்.

"நாற்காலி எங்கே?"

"பதினைந்தாம் லூயி" என்றேன், மூச்சு இரைக்க.

"சரி, அவர் எதில் உட்காருவார்?"

பிறகு யானையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமிகிட்ட ஆசீர்வாதம் வாங்கினவ நான். என்கிட்டயே இதை யானைங்கறீங்களா? பன்னிக்குத் தும்பிக்கை ஒட்டியிருக்காங்க." அன்றிரவு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

நான் தூங்கவில்லை. அது மணிக்கு மணி அடிக்கும், அரைமணிக்கு ஒன்று அடிக்கும். கணக்குப் போட்டேன், ஒரு நாளைக்கு 180 அடி. நடுராத்திரியில் விழிப்பு வந்தால் 'டிங்' என்று ஒன்று கேட்கும். பன்னிரண்டரையா, ஒன்றரையா என்று யோசித்துக்கொண்டே கிடந்தால் இரண்டு அடித்துவிடும். அடித்ததோடு விட்டால் பரவாயில்லை, மணிக்கு மணி பாட்டும் உண்டு. ஆனால் இரவு எட்டு மணிக்கு மனைவி சீரியல் பார்க்கும்போது மட்டும், மணியை அடித்துவிட்டுப் பாட்டை விழுங்கிவிடும். இடம் பொருள் ஏவல் தெரிந்த பிராணி என்று வியந்தேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளினேன். அதன் முதுகில் ஒரு சக்கரம் இருக்கிறது. விளிம்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அடித்துக்கொண்டே போகும். முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது, கவலையும் கிடையாது. நான் முன்னால் திருப்பி, பின்னால் திருப்பி, சரிசெய்து முடித்தபோது நாலு மணிக்கு ஏழு அடித்தது. வெர்சாய் அரண்மனையில் நிஜமான பதினைந்தாம் லூயியின் கடிகாரம் ஒன்று இருக்கிறது. பாஸ்மான் வடிவமைத்தது. 9999-ஆம் வருஷம் வரைக்கும் தேதி காட்டும். என்னுடையதை நம்பி டிபன் சாப்பிட முடியாது.

மூன்றாம் நாள் கீழ்வீட்டு மதாம் மாடியேறி வந்தார். ஏழு அடித்ததைக் கேட்டு எழுந்து, கோட்டு மாட்டிக்கொண்டு, ரொட்டிக் கடை வாசலில் போய் நின்றாராம். கடை பூட்டியிருந்ததாம். நிலா இருந்ததாம்.

இதோடு நின்றிருந்தால் நான் நானில்லை. பொங்கலுக்கு முந்தின நாள், மனைவி தங்கை வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, குத்துவிளக்கோடு யானையையும் துலக்க உட்கார்ந்தேன். யானை உடம்பெல்லாம் கருந்தவிட்டு நிறம். இருநூறு வருஷத்து அழுக்கு! புளியும் உப்பும் தேங்காய்நாரும் போட்டுத் தேய்த்தேன். யானை குத்துவிளக்குக்குத் தம்பி மாதிரி மின்னியது. அந்த உற்சாகத்தில் தங்கச் சுருள்களையும் தேய்த்தேன். தங்கம் நாரோடு வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் பழங்கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரை வரவழைத்தேன். மனைவி காப்பி கலந்தாள். அவர் யானையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கறுப்பு அழுக்கில்லையாம். அமிலமும் நெருப்பும் வைத்து வேலைக்காரன் வேண்டுமென்றே ஏற்றிய நிறமாம்.

"தங்கம்?" என்றேன்.

பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்கலத்தின்மேல் பூசி நெருப்பில் காட்டுவார்களாம். பாதரசம் புகையாகப் போகும், தங்கம் தங்கும். அந்தப் புகையைக் குடித்த முலாம்காரர்கள் கை நடுங்கிப் பல் கொட்டி அல்பாயுசில் போய்ச் சேர்வார்களாம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டினார். "கவலைப்படாதீர்கள் முசியே. இது 1840-க்குப் பிறகு வந்த மின்முலாம். இதற்காக யாரும் சாகவில்லை."

"அப்போ பதினைந்தாம் லூயி?"

பெட்டியைத் திறந்து காட்டினார். முள் பதித்த உருளை, அதை உரசிப் பாடும் எஃகுச் சீப்பு. "லூயி செத்தது 1774-ல். ஜெனீவாக்காரர் ஃபாவ்ர் இந்தச் சீப்பு வாத்தியத்தைக் கண்டுபிடித்தது 1796-ல்." ஆக, ராஜாவின் இருபத்திரண்டாம் வருஷத் திவசத்துக்குத்தான் வாத்தியமே பிறந்திருக்கிறது.

முதுகுப்பக்கம் விரலை விட்டு ஒரு நெம்பைப் பல தடவை தூக்கினார். அடியும் முள்ளும் ஒத்துப்போயின. ஒரு விரல், சில நிமிஷம், 80 யூரோ. கிளம்பும்போது பெட்டிக்கு அடியில் ஒரு சின்னக் கொக்கியைத் தொட்டுக் காட்டினார். "பாட்டு வேண்டாமென்றால் இதை இந்தப் பக்கம் தள்ளுங்கள். நன்றாக வழவழவென்று இருக்கிறதே, தினமும் தள்ளுகிறீர்கள் போலிருக்கிறது!"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பெரியவரிடம் சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

அவர் போனதும் கேட்டேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"வந்த மறுநாளே. தூசி தட்டும்போது."

"அப்புறம் ஏண்டி நாலு மாசமா ராத்திரியெல்லாம் என்னைப் பாட்டு கேக்க வச்சே?"

"நாற்காலி வரட்டும், நிறுத்திக்கலாம்னு இருந்தேங்க."