அம்மிச்சி ஊர் கேள்விகள்

இப்போது சம்மர் கேம்ப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்களே, உங்கள் காலத்தில் உண்டா?

உண்டு. காங்கேயத்துப் பக்கம் அதற்குப் பெயர் அம்மிச்சி வீடு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி வீடு. ஃபீஸ் கிடையாது, முடிந்து கிளம்பும்போது அம்மிச்சியே நம் கையில் காசைத் திணிக்கும். நீச்சல் வகுப்பு தோட்டத்துக் கிணற்றில். மாஸ்டர், தாய்மாமன். பாடத்திட்டம்: முதுகில் சுரைக்குடுக்கை, பின்னாலிருந்து ஒரு தள்ளு!

லீவு முடிந்து பஸ் ஏறும்போது அழாத பையன் உண்டா?

ஜன்னல் சீட் கிடைத்தவன்.

அடுத்த சித்திரைக்கு வருவதாகத்தான் எல்லோரும் சொல்லிவிட்டு ஏறினோம். சில வீடுகளில் அதற்குள் அம்மிச்சி போய்விட்டது. அதோடு அந்த ஊரும், பக்கத்துத் தோட்டத்துக் கூட்டாளியும் போயாச்சு. விளையாடுகிறவனிடம் விலாசம் வாங்கி வைக்க யாருக்குத் தோன்றியது?

அப்படி ஒரு கூட்டாளியை முப்பது வருஷம் கழித்துக் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பார்த்தேன். என்னை அடையாளமே தெரியவில்லையாம்! நியாயமா?

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாதம் போனால் சாம்பல் நிறம். மாட்டுக்கே ஆறு மாதம்தான். முப்பது வருஷத்தில் உங்கள் தலை என்ன நிறமாம்?

அது இருக்கட்டும், அவர் பெயர் உங்களுக்கு உடனே ஞாபகம் வந்ததா?