செயலாளர் உருவாகும் விதம்: குடியிருப்போர் நலச் சங்கங்கள் குறித்து ஓர் ஆய்வு

நாட்டுக்குப் பிரதமர் எப்படி வருகிறார் என்பதற்கு அரசியல் சாசனத்தில் வழி சொல்லியிருக்கிறது. ஊராட்சித் தலைவருக்கும் சட்டம் உண்டு. கூட்டுறவுப் பண்டகசாலையின் தலைவருக்குக்கூட விதிமுறைப் புத்தகம் இருக்கிறது. நங்கநல்லூரிலோ மடிப்பாக்கத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளர் எப்படி வந்து சேர்கிறார் என்ற கேள்வியை மட்டும் அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை. அவர் போட்டியிட்டதாக யாருக்கும் நினைவில்லை. ஆசைப்பட்டதாக அவரும் ஒப்புக்கொள்வதில்லை. இருந்தும் வருடக்கணக்காக அவர்தான் செயலாளர். ராத்திரி பதினொன்றரைக்கு மோட்டார் நின்றுபோனால் அவர் வீட்டு அழைப்புமணிதான் அடிக்கிறது. இந்தப் புதிரை விடுவிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூல ஆவணங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவரின் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது. ஆனால் அவரையே மறுபடி நியமிக்கத் தடையில்லை. நல்லவர் ஒருவர் கிடைத்துவிட்டால் இழந்துவிட வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில்தான் இந்தக் கடைசி வசதியை வைத்திருப்பார்கள். நடைமுறையில் அது ஆயுள் தண்டனைப் பிரிவாகிவிட்டது. பொதுக்குழு, தணிக்கை, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் என்று மற்றதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லும் சட்டம், யாருமே முன்வராவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் நழுவிவிடுகிறது.

ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இதே மண்ணில் பிரச்சினை நேர்மாறாக இருந்திருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன; கி.பி. 919, 921 என்று காலம் கணித்திருக்கிறார்கள். ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்தவர் ஆகாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் ஆகவே ஆகாது. அவர் மட்டுமல்ல, மாமன் மகன், அத்தை மகன் வரை உறவுக்காரர்களும் ஆகாது.

இத்தனை பேரை வெளியே நிறுத்தச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால், உள்ளே வர எத்தனை பேர் முண்டியடித்திருக்க வேண்டும்! அந்த ஊர்ச் சபை பிராமணர் சபை, ஊரார் எல்லோருக்கும் அதில் இடமில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்வது நல்லது. குடவோலை என்ற இந்த முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள். நம் ஆய்வுக்கு முக்கியமானது வாரியங்களின் கணக்கு. சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். இன்றைக்கு ஏரியின் இடத்தில் சம்ப் இருக்கிறது. தோட்டத்தின் இடத்தில் காம்பவுண்டு ஓரம் நாலு குரோட்டன்ஸ் தொட்டிகள் இருக்கின்றன. அந்த 30 பேர் வேலையையும் ஒரே ஆள் பார்க்கிறார். உத்திரமேரூரின் 70 வயது வரம்பை இப்போது அமல்படுத்தினால் சென்னையில் பாதிச் சங்கங்களைக் கலைக்க வேண்டிவரும்.

வேலை எப்படிப் பெருகியது என்பது தனி வரலாறு. 1989இல் எம்.பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தொடங்கினார். தெருவுக்கு ஒரு மூன்று சக்கர வண்டி, வீட்டுக்கு வீடு குப்பை எடுக்க ஓர் ஆள், அவருக்குச் சம்பளம் கொடுக்க மாதச் சந்தா என்ற ஏற்பாடு பல தெருக்களில் அப்படித்தான் வேரூன்றியது. நிர்மல் வங்கி அதிகாரியாக இருந்தவர் என்ற தகவலை ஆய்வாளர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். சங்கச் செயலாளர் என்ற இனம் பெரும்பாலும் வங்கி, ரயில்வே, மின்வாரியம், ஏ.ஜி. ஆபீஸ் ஆகிய நான்கு நிலப்பரப்புகளில் ஓய்வுபெற்றவர்களிடையேதான் காணப்படுகிறது. கார்பன் பேப்பர் வைத்துக் கடிதம் எழுதிய பழக்கமும், பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டல் அனுப்பும் பொறுமையும் வேறு எங்கே விளையும்?

2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது. 2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தரம் பிரிக்கச் செய்யும் பொறுப்பில் குடியிருப்போர் சங்கங்களையும் சேர்த்தன. 2013இன் சட்டப்படி உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது குற்றம்; "எப்பவும் வர்ற ஆளைக் கூப்பிட்டு இறக்கிடலாம் சார்" என்று யோசனை சொல்பவர் மாடியேறிப் போய்விடுவார், போலீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் செயலாளர். இதில் சிரிக்க எதுவும் இல்லை.

வரி விஷயத்தில் கொஞ்சம் சிரிக்கலாம். மாதப் பராமரிப்புக் கட்டணம் உறுப்பினருக்கு 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. ஒரு ரூபாய் கூடினால் மொத்தத்துக்கும் வரியா, அந்த ஒரு ரூபாய்க்கு மட்டுமா என்று தகராறு எழுந்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 7,500க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் வரி என்று 2021இல் தீர்ப்பு வந்தது. அடுத்து மின்சாரம். 2022 செப்டம்பரில் மாடிப்படி விளக்கு, மோட்டார் போன்ற பொது உபயோகத்துக்குத் தனிக் கட்டணம் விதித்து யூனிட் 8 ரூபாய் ஆக்கினார்கள். சங்கங்கள் மனு மேல் மனு போட்டன. 2023 அக்டோபரில் 5 ரூபாய் 50 காசாகக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது: பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மேற்படாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் கட்டடங்களுக்கு மட்டும். முழங்கால் வலிக்கு அரசாங்கம் யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய் நஷ்டஈடு கொடுத்த ஒரே சந்தர்ப்பம் அநேகமாக இதுதான்.

எல்லாவற்றுக்கும் சிகரம் நாய். 2023 மார்ச்சில் வந்த மத்திய அரசின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்குச் சோறு வைக்க இடம் ஒதுக்குவதைக் குடியிருப்போர் சங்கத்தின் தலையில் கட்டின. அந்த இடம் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது, வாசலில் கூடாது, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அருகில் கூடாது, முதியவர்கள் நடமாடும் இடத்திலும் கூடாது. தாம்பரம் பக்கத்தில் இரண்டு கிரவுண்டு நிலத்தில் எட்டு வீடு கட்டிய கட்டடத்தில் இவையெல்லாம் போக மிஞ்சும் இடம் செயலாளர் வீட்டு ஜன்னலடி.

இனி களம். ஆண்டுப் பொதுக்குழு நோட்டீஸ், லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டப்படுகிறது. "ஞாயிறு காலை 10 மணிக்கு. அனைவரும் தவறாது கலந்துகொள்ளவும். கோரம் இல்லையேல் கூட்டம் அரை மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டு, 10.30க்கு அதே இடத்தில் நடைபெறும். அதற்குக் கோரம் தேவையில்லை." இந்தக் கடைசி இரண்டு வரி அநேகமாக எல்லாச் சங்கத்து விதிகளிலும் உண்டு. படித்தவர்கள் அதன் உட்பொருளைப் புரிந்துகொண்டு 10.40க்கு வருகிறார்கள். பத்து மணிக்கு ஸ்டில்ட் பார்க்கிங்கில் மூன்று பேர் இருப்பார்கள்: செயலாளர், பொருளாளர், வாடகை நாற்காலி இறக்க வந்த பையன்.

பொருளாளர் கணக்கு வாசிக்கிறார். வாட்ச்மேன் சம்பளம், லாரித் தண்ணீர், லிஃப்ட் ஏ.எம்.சி. என்று லட்சங்கள் சத்தமில்லாமல் போகின்றன. இதரச் செலவு 1,340 ரூபாய் என்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது.

"இதரச் செலவுன்னா என்ன சார்?"

"பினாயில், பல்பு, வாட்ச்மேன் டார்ச்சுக்கு பேட்டரி..."

"பில் இருக்கா?"

"ஃபைல்ல இருக்கு."

"ஃபைல் எங்க?"

"செகரெட்டரி வீட்ல."

சிறிய தொகைக்குத்தான் பெரிய விவாதம் நடக்கும் என்பதை நார்த்கோட் பார்க்கின்சன் 1957இல் வெளிவந்த புத்தகத்தில் சொல்லிவிட்டார். அணு உலைக்கு நொடியில் ஒப்புதல் தரும் குழு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டும் என்பது அவர் கண்டது. அப்போது அவர் சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியர். பினாயிலை அவர் விட்டுவிட்டார். தமிழாய்வு அந்த இடைவெளியை இப்போது நிரப்புகிறது.

பஜ்ஜியும் காபியும் வரும் நேரத்தில்தான் செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமுகிறார். "இந்த வருஷம் என்னால முடியாதுங்க. டாக்டர் மாடி ஏறக்கூடாதுன்னுட்டார். வேற யாராவது எடுத்துக்கணும்." உடனே ஓர் அமைதி. ஒருவர் தண்ணீர் டேங்க்கை அண்ணாந்து பார்க்கிறார். பலருக்கு ஒரே சமயத்தில் போனில் அவசரச் செய்தி வருகிறது. "உங்களுக்குத்தான் சார் எல்லாம் அத்துப்படி, இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்று ஒரு குரல். அது பலிக்காமல் போகும்போதுதான் கண்கள் மெல்ல, பில் கேட்டவர் பக்கம் திரும்புகின்றன. "இவ்ளோ டீடெய்லா கேக்கறீங்களே, நீங்களே எடுத்துப் பாக்கலாமே சார்?" அவர் மறுப்பதற்குள் ஒருவர் முன்மொழிகிறார், ஒருவர் வழிமொழிகிறார், மினிட்ஸ் நோட்டில் 'ஏகமனதாக' என்ற சொல் ஏறிவிடுகிறது. வாயில் பஜ்ஜி இருந்ததால் அவர் ஆட்சேபிக்கவில்லை என்பது நோட்டில் ஏறாது.

ஆக, செயலாளர் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. கடைசியாகக் கேள்வி கேட்டவர் மாட்டிக்கொள்கிறார். இந்த விதி தெரிந்தவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள், அதனால் கணக்கும் கேள்வியின்றி நிறைவேறுகிறது. உத்திரமேரூர்க்காரர்கள் கணக்குக் காட்டாதவனைத் தண்டித்தார்கள். நாம் கணக்குக் கேட்டவனைத் தண்டிக்கிறோம்.

ஆனால் ஆள் பஞ்சம் என்பது உண்மையா? இந்த இடத்தில் ஆய்வு சற்றுக் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. பல சங்கங்களில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு ஓட்டும் கிடையாது, பதவியும் கிடையாது. மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுவது அவர். மோட்டார் எப்போது காற்று வாங்கும், எந்த லாரிக்காரன் தொட்டியைப் பாதி நிரப்பிவிட்டுப் போவான் என்று அறிந்தவர் அவர். ஓட்டு மட்டும் நியூஜெர்சியில் இருக்கும் உரிமையாளருக்கு. பராந்தகன் காலத்து விதிகளில் வயது வரம்பு போயிற்று, மூன்றாண்டு இடைவெளி போயிற்று, சொந்த மனை விதி ஒன்றுதான் ஆயிரம் வருடம் தாண்டியும் அப்படியே நிற்கிறது. பெண்கள் விஷயமும் இதற்குச் சளைத்ததல்ல. பொங்கலுக்குக் கோலப்போட்டி, நவராத்திரிக்குக் கொலு, சுதந்திர தினத்துக்கு மிட்டாய் என்றால் "மேடம், நீங்க பாத்துக்கங்க" என்பார்கள். வீட்டில் பகல் முழுக்க இருந்து தண்ணீர் லாரிக்குக் கையெழுத்துப் போடுகிறவரைக் குழுவுக்கு அழைக்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. பாதிக் கட்டடத்தைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டு ஆள் கிடைக்கவில்லை என்பது முறையான ஆய்வு முடிவு ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் பழைய செயலாளர் ஏன் ஓடிவிடவில்லை என்பதற்கு மழைதான் சாட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், முடிச்சூர் பகுதிகள் தண்ணீரில் நின்றன. மின்சாரம் இல்லை, பால் பாக்கெட் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் வாட்ஸப் குழுவில் குட்மார்னிங் பூக்கள் நின்று, தரைத்தளத்துப் பாட்டியை யார் வீட்டில் தங்கவைப்பது, யாரிடம் இன்வெர்ட்டர் இருக்கிறது, படகு எந்தத் தெருமுனை வரை வருகிறது என்ற செய்திகள் ஓடுகின்றன. எந்த வீட்டில் யாருக்கு இன்சுலின் வேண்டும் என்பது மாநகராட்சியின் 1913 எண்ணுக்குத் தெரியாது, செயலாளருக்குத் தெரியும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டது, இப்படிச் சேர்ந்த அனுபவத்தின் விளைவு.

பரிந்துரைகள் சுருக்கமானவை. வாடகைக்காரருக்கு ஓட்டுக் கொடுக்க விதியைத் திருத்தலாம். முடியாவிட்டால் குழுவிலாவது இடம் தரலாம். செயலாளர் வேலையைத் தண்ணீர், கணக்கு, குப்பை என்று பிரித்து மூன்று பேரிடம் கொடுத்தால் ஒருவருக்கும் முழங்கால் தேயாது. ஃபைலைச் செயலாளர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கலாம். 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். இடிக்கக் கையெழுத்துப் போட வருகிற அந்த மூன்றில் இரண்டு பேர், அதற்கு முன் ஒருமுறை பொதுக்குழுவுக்கும் பத்து மணிக்கே வந்து பார்க்கலாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாத மெயின்டனன்ஸ் கட்டியாகிவிட்டதா என்று வீட்டில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பொருளாளர் நாளைக்குத்தான் பட்டியல் ஒட்டுகிறார்.