எக்செல்லுக்கு ஏற்ற எந்திரம்

ஆடிட்டர் நண்பர் 57 அங்குல வளைந்த மானிட்டர் வாங்கிவிட்டார். இரண்டு 4கே திரைக்குச் சமம். 7680 பிக்சல் அகலம். அதை நான்காகப் பிரித்து, இடது ஓரத்தில் வரவு, வலது ஓரத்தில் செலவு. நடுவே கழுத்துக்கு நல்ல உடற்பயிற்சி.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. எக்செல் கட்டங்களை வரைய என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090-க்குக் கீழே இறங்கலாமா? கௌரவம் என்னாவது? 32 ஜிபி நினைவகம். ஒரு கட்டம்கூடக் கோணலாகாது. 575 வாட் வரை குடிக்கும். அதற்கு 1000 வாட் பவர் சப்ளை, அந்தச் சூட்டுக்கு ஒன்றரை டன் ஏசி. (எல்லாம் தேய்மானத்தில் கழித்துக்கொள்ளலாமாம்.) முந்தைய 4090-ல் சிலருக்கு மின் இணைப்பு முனையே உருகியது என்று சொல்லிப் பார்த்தேன். வேகம் என்றால் அப்படித்தான் என்றார்.

ரிச்சி தெருக் கடைப் பையன் மட்டும், "பிராசசர்லயே கிராபிக்ஸ் இருக்கு சார், கணக்குக்கு அது போதும்" என்றான். வியாபாரம் தெரியாத பிள்ளை. முன்னுக்கு வருவது சிரமம்.

கார்டு வந்தது, செங்கல் கனத்தில், வண்ண விளக்குகளோடு. எக்செல் பறக்கிறது என்று நண்பருக்கு ஒரே பூரிப்பு. தூசி தட்ட வந்த அதே பையன் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தான். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருந்தது. கார்டின் நான்கு துளைகளிலும் மூடிகூடக் கழற்றப்படவில்லை.

"மாத்திக் குத்திடவா சார்?"

"வேண்டாம்ப்பா. நல்லா ஓடிட்டிருக்கிற கார்டை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"